மீன் காதுக்குள்ள ஓடற தண்ணிய விட்டுட்டீங்களேங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் அறிவியல் பக்கத்துல மீன் குஞ்சுக்கு காது எப்படி உருவாகுதுன்னு ஒரு துண்டு செய்தி போட்டிருந்தீங்க, நல்ல விசயம், கட்சிச் சண்டைக்கும் சினிமாக் கல்யாணத்துக்கும் நடுவுல அப்படி ஒண்ணு வந்ததே பெருசுதான். ஆனா அதுல "ஜீன்களின் கட்டளைப்படி காது தானாக உருவாகிவிடுகிறது"ன்னு ஒரே வரியில கதைய முடிச்சுட்டீங்க பாருங்க, அங்கதானுங்க எனக்கு மனசு ஒப்பல. சரி போகட்டும்னு விட்டா, புதன்கிழமை வாசகர் கடிதத்துல கோபிக்காரர் ஒருத்தர், மீன் காத ஆராய்ஞ்சு யாருக்கு என்ன ஆகப்போகுது, அந்தக் காசுல தடப்பள்ளி வாய்க்கால தூர் வாரலாமேன்னு கேட்டிருந்தார். ரெண்டுக்கும் சேத்து ஒட்டுக்கா எழுதிடலாம்னுதான் இந்தக் கடிதம், சித்த நீளமாத்தான் வரும், வெட்டறதா இருந்தா தண்ணி சமாச்சாரத்த மட்டும் வெட்டிராதீங்க.

நான் விஞ்ஞானியெல்லாம் இல்லீங்க. கோயமுத்தூர் கணபதியில சின்னதா ஒரு பம்பு பட்டறை, சப்மெர்சிபிள் கழட்டி மாட்டறது, ரீவைண்டிங், வீட்டு பிரஷர் பம்பு சர்வீஸ், இதுதான் பொழப்பு. தண்ணி, பிரஷர், வால்வுன்னே காலம் போனதுனால தண்ணி சம்பந்தப்பட்டது எது கண்ணுல பட்டாலும் நின்னு படிச்சுருவேன். இந்தக் காது விசயத்துக்குள்ள நான் போனது எங்கம்மாவாலதான். படுக்கையில திரும்பிப் படுத்தா ஊடே சுத்துதுடான்னு சொல்லி, பிரஷரா இருக்கும் பித்தமா இருக்கும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல, கடைசியா காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு அம்மா தலையப் புடிச்சு ஒரு பக்கமா திருப்பி மல்லாக்க சாச்சு, சித்த நேரம் அப்படியே வெச்சு, மறுபக்கம் திருப்பி, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு எந்திரிக்க வெச்சார், அவ்வளவுதான். காதுக்குள்ள இருக்கற சுண்ணாம்புத் துகள் எடம் மாறி வளையத்துக்குள்ள போயிருச்சு, அத திரும்ப எடத்துக்குத் தள்ளியிருக்கேன்னார். அமெரிக்காவுல ஜான் எப்லின்னு ஒரு காது டாக்டர் கொண்டாந்த முறையாம், 1992-ல விவரமா எழுதி வெச்சிருக்கார். சுத்தல் நின்னு போச்சுங்க, அது வேற விசயம். ஆனா காதுக்குள்ள எதுக்கு சுண்ணாம்பு, அது எப்படி அங்க வந்துச்சுங்கற கேள்வி மட்டும் எனக்குள்ள சுத்திட்டே இருந்துச்சு, தேடிப் படிக்கப் படிக்க பதில் முச்சூடும் மீன்கிட்டதான் போயி நின்னுது.

மொதல்ல ஒரு திருத்தம். நீங்க மீனோட "காது எலும்பு"ன்னு போட்டிருந்தீங்க, அது எலும்பு இல்லீங்க, கல்லு. கால்சியம் கார்பனேட்டு, அம்மா காதுக்கு டாக்டர் சொன்ன அதே சுண்ணாம்பு வகைதான், கூடவே கொஞ்சம் புரோட்டீன். நம்பிக்கை இல்லாதவங்க உக்கடம் மார்க்கெட்டுல நல்ல பெரிய ஜிலேபி மீனா ஒண்ணு வாங்கிட்டு வந்து, கொழம்பு வெச்சு சாப்பிட்டப்பறம் தலையத் தூக்கிப் போடாம, மண்டையோட்டுக்கு அடிப்பக்கம் பின்னால தள்ளி மெதுவா ஒடச்சுப் பாருங்க. பக்கத்துக்கு ஒண்ணா வெள்ளை வெளேர்னு சில்லு ஒண்ணு வரும், சில மில்லிமீட்டர்தான், ஒரு பக்கம் லேசா குழிஞ்சு நடுவுல நீளவாக்குல ஒரு பள்ளக்கோடு ஓடும், ஓரம் நெளிநெளியா இருக்கும். எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு அதுமேல விட்டா பொடிப்பொடியா குமிழ் கெளம்பும், எலும்பா இருந்தா அப்படி வராது. இந்தக் கல்லுல தெனமும் ஒரு படலம் ஏறுதுன்னு 1971-ல ஜியார்ஜியோ பனெல்லான்னு ஒருத்தர் கண்டு சொன்னார், அதனால அறுத்துத் தேச்சு மைக்ராஸ்கோப்புல வெச்சா மீனோட வயச எண்ணிரலாம். பொரிச்ச தலைய உறிஞ்சிட்டு நாம துப்பற கல்லுக்கு இவ்வளவு கதை இருக்குதுங்க.

இந்தக் கல்லு மொத நாள்ல எப்படி வருதுங்கறதுதான் நீங்க விட்டுட்ட பகுதி. இத ஆராயறவங்க பெரும்பாலும் வெச்சுக்கறது ஜீப்ரா மீனுதான், நம்ம கலர் மீன் கடைகள்ல கூட்டமா நீந்துமே, வெரல் நீளம் கூட இருக்காது, ஒடம்புல நீலக்கோடு போட்டிருக்கும், அதேதான். (நீங்க செய்திக்கு மேல போட்டிருந்த படம் தங்கமீனுங்க, வீட்டுல பேத்தி பாத்துட்டு சிரிக்கறா.) அது வெளிநாட்டு மீனும் இல்ல. 1822-ல பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களப் பத்தி எழுதுனப்ப இதையும் பேர் வெச்சு எழுதியிருக்கார், கெண்டை வகையறாவுக்கு சொந்தக்காரன். அமெரிக்காவுல ஆரிகன்ல ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர்ங்கறவரு இத ஆராய்ச்சிக்கு வாகான மீனா ஆக்கி 1981-ல பெரிய கட்டுரை போட்டப்பறம்தான் ஒலகம் பூரா இதுக்கு மவுசு. நம்ம டெல்லியில ஐஜிஐபிங்கற ஜீன் ஆராய்ச்சி நிலையத்துலயே 2009-ல இதோட ஜீனோம, அதாவது மொத்த ஜீன் தொகுப்ப, படிச்சாங்க. ஏன் இந்த மீன்னா, முட்டை தாய்க்கு வெளியில வளருது, ஒரு மில்லிமீட்டர விட சின்னதா கண்ணாடியாட்டம் தெளிவா இருக்கு, உள்ள என்ன நடக்குதுன்னு எதையும் அறுக்காமயே உக்காந்து பாத்துக்கலாம்.

28.5 டிகிரி சூட்டுல வெச்சா முட்டை கருவாகி 18 மணி நேரம் ஆகறப்ப கண்ணுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னப் பை தெரியும். சுத்தியும் செல்லு, நடுவுல தண்ணி. அந்தத் தண்ணிக்குள்ள தூசு கணக்கா துகள் மெதக்குது, கல்லு ஆகப்போறது இதுகதான். 24 மணி நேரத்துல பாத்தீங்கன்னா மெதந்த துகளெல்லாம் காணோம், பையோட முன்பக்கம் ஒரு கல்லு, பின்பக்கம் ஒரு கல்லு, சொல்லி வெச்ச எடத்துல ரெண்டே ரெண்டு. மூணாவது கல்லு ஒண்ணு இருக்கு, அது நாள் கழிச்சு ஆற அமர வரும். இப்ப கேள்வி என்னன்னா, பையி முழுக்க மெதந்துட்டு இருந்த துகளு ஏன் நடு வழியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கட்டியா ஆகல, ஏன் சுவத்துல கண்ட எடத்துல ஒட்டல? ஜீன் கட்டளை போட்டுச்சுன்னா யாருக்கு போட்டுச்சு, துகளுக்கு காது கேக்குமா, அதுவே இன்னும் காது ஆகலையே.

டெக்சாஸ்ல புரூஸ் ரைலியும் கூட இருந்தவங்களும் 1997-ல இதுக்கு ஒரு விடை சொன்னாங்க. பையோட ரெண்டு முனையிலயும் ஜோடி ஜோடியா விசேசமான செல்லு இருக்கு, அதுல இருந்து நீட்டிட்டு இருக்கற மயிரிழை நுனியிலதான் துகள் வந்து ஒட்டுது. அதோட பைக்குள்ள அடிச்சுட்டே இருக்கற நுண் மயிர்கள், சிலியான்னு சொல்றாங்களே அதுக, தண்ணியக் கலக்கி விட்டுட்டே இருக்கறதுனாலதான் துகளுக முன்கூட்டியே கட்டி தட்டாம இருக்குதுன்னாங்க. அப்பறம் 2009-ல லாஸ் ஏஞ்சல்ஸ் குழு ஒண்ணு, அந்த மயிர அசைக்கற மோட்டார் புரோட்டீன ஒழுங்கா ஓட வெக்கற ஒரு ஜீனக் கொறச்சுப் பாத்தாங்க. மயிர் அடிக்கறது தாறுமாறாச்சு, கல்லு எடம் மாறிச்சு, எண்ணிக்கையும் உருவமும் கெட்டுச்சு. மயிர் அடிக்கறதுனால முனையில ஒரு சுழல் உண்டாகுது, அந்த சுழல்தான் துகள இழுத்துட்டு வந்து சேக்குதுன்னு அவங்க சொன்னது. 2011-ல இன்னொரு குழு லேசர் வெளிச்சத்தாலயே துகளப் புடிச்சு வெச்சு, எந்த எடத்துல தண்ணி எவ்வளவு வேகமா தள்ளுதுன்னு அளந்தே காட்டுனாங்க. முடி தடிமன் அளவு பைக்குள்ள ஒரு ஃப்ளோ மீட்டர் வெச்சு அளந்திருக்காங்கன்னா நாங்கெல்லாம் பம்பு டெஸ்டிங்ல நிக்கறதுக்கே கூசும் போங்க.

இங்க ஒரு விசயம் பம்புக்காரங்களுக்காகவே சொல்லோணும். அவ்வளவு சின்ன அளவுல தண்ணியோட குணமே மாறிப்போயிருது. நம்ம செண்ட்ரிபியூகல் பம்புல இம்பெல்லர் சுத்தி தண்ணிய வீசி எறியுது, கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் அந்த வேகத்துலயே ஓடி நிக்கும். மீன் காதுப் பைக்குள்ள வீசி எறியறதுங்கற பேச்சே இல்ல, பிசுபிசுப்புதான் எல்லாம், மயிர் நின்ன அந்தக் கணமே தண்ணியும் நின்னுரும், தானா ஓடற வேகம் ஒரு துளியும் கெடையாது. அதனால இம்பெல்லர் அங்க வேலைக்கு ஆகாது, போறப்ப ஒரு மாதிரியும் வர்றப்ப வேற மாதிரியும் வளைஞ்சு அடிக்கற மயிருதான் தண்ணிய நகத்தும். இத யாரும் எனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித்தரல, தெரிஞ்சிருந்தா நான் பத்தாவதோட நின்னிருக்க மாட்டேனோ என்னமோ.

ஆனா ஒண்ணு, ஓட்டம்தான் எல்லாத்தையும் செய்யுதுன்னு நானும் உங்களாட்டமே ஒரே வரியில முடிச்சுட்டா தப்பாயிரும். இங்கிலாந்து ஷெஃபீல்டுல 2012-ல அதிவேக வீடியோ எடுத்துப் பாத்தாங்க. காதுப் பைக்குள்ள இருக்கற மயிர்ல 100-க்கு 92-லருந்து 98 வரைக்கும் அசையவே இல்லையாம், கல்லு ஒட்டற அந்த மயிரிழையும் அசையறதில்ல, அதச் சுத்தி முனையில இருக்கற கொஞ்சந்தான் அடிக்குது. மயிர் அடிக்க முடியாத மீன்ல கல்லு எடம் தவறுது, ஒட்டாமத் திரியுது, ரெண்டும் ஒண்ணாயிருது. சரி, ஓட்டம் தேவைதான். ஆனா மயிரே சுத்தமா இல்லாத ஒரு வகை மீன் இருக்கு, அதுலயும் கல்லு முனையில வந்து ஒட்டத்தான் செஞ்சுது! மாறா முனையில மொதல்ல வர்ற அந்த விசேசமான செல்லுகளே வராம செஞ்சுட்டா கல்லு உருவாகறது வெகுவா கெட்டு, தாமதமும் ஆகுது. அப்ப அந்த செல்லு ஏதோ ஒட்டற சரக்க தயார் பண்ணி வெக்குது, ஓட்டம் துகள பிரிச்சு, கலக்கி, அங்க கொண்டாந்து சேக்குது, ரெண்டும் சேந்தாத்தான் ரெண்டு கல்லு சுத்தமா வரும்னு நான் புரிஞ்சுக்கறேன். எனக்கு இந்த ஆராய்ச்சியில புடிச்சதே இதுதான், 1997-ல சொன்னத 2009-ல கொஞ்சம் மாத்தி, 2012-ல இன்னும் மாத்தி, யாரும் யாரையும் திட்டல, ஆளுக்கு ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க. நம்ம டிவி விவாதத்துல உக்கார்றவங்களுக்கு இதப் போட்டுக் காட்டோணும்.

அந்த ரெண்டு கல்லு சரியா வரலைன்னா என்னங்க ஆயிரும்னு கேக்கலாம். முன்பக்கக் கல்லுதான் மீனுக்கு மேல கீழ தெரியறதுக்கு, பின்பக்கக் கல்லு பெரும்பாலும் சத்தத்துக்கு. முன்பக்கக் கல்லு இல்லாத குஞ்சு நேரா நிக்க முடியாம, காத்துப்பைய நெரப்ப முடியாம செத்துப் போகுதுன்னும், பின்பக்கத்துது இல்லைன்னா பொழச்சுக்குதுன்னும் ரைலியே 2000-ல காட்டியிருக்கார்.

இதுவரைக்கும் சொன்னது ஓட்டம். இனி பிரஷர், இது இன்னும் என்ர லைன். பக்கத்துல இருக்கற செல்லு பெருகிப் பெருகித்தான் காதுப்பை பெருசாகுதுன்னு நீங்க எழுதுன மாதிரிதான் எல்லாரும் நெனப்பாங்க. அமெரிக்காவுல ஹார்வர்டு மெடிக்கல் ஸ்கூல்ல ஷான் மெகசன் குழு 2019-ல போட்ட கட்டுரையப் பாத்தா கதை வேறயா இருக்கு. சுவத்துல இருக்கற செல்லுக சோடியம் மாதிரி உப்ப பம்பு பண்ணி உள்ள தள்ளுது, உப்பு போற பக்கம் தண்ணியும் போகுது, உள்ள பிரஷர் ஏறுது, சுவரு இழுபட்டு மெலிசாகி பை விரியுது. அந்த உப்பு பம்ப மருந்து விட்டு அடைச்சா பை வளர்றதே நின்னுருது. சரி, அப்படியே போனா வெடிச்சுறாதா? அங்கதான் அழகு. பிரஷர் ஏற ஏற தண்ணி உள்ள வர்றது தானா கொறையுது. வேணும்னே ஒரு காதுல மட்டும் ஊசியில குத்தி தண்ணிய வடிச்சு விட்டுட்டாங்க, பை சூம்பிப் போச்சு, பிரஷர் எறங்கிருச்சா, இப்ப தண்ணி முன்ன விட வேகமா உள்ள வருது, கொஞ்ச நேரத்துல ஓட்டை அடைஞ்சு குத்தாத காதோட அளவ எட்டிப் புடிச்சுருது. வீட்டுக் கொழாயில பிரஷர் பம்பு வெச்சிருக்கறவங்களுக்கு நான் வெளக்க வேண்டியதில்ல, பைப்புல பிரஷர் எறங்குனா மோட்டார் எடுக்கும், ஏறுனா அடங்கும், அதேதான், ஆனா இது ஸ்விட்ச் வெச்ச ஆன் ஆஃப் இல்ல, மோட்டார் வேகத்த மாத்தற விஎஃப்டி கருவி போட்ட பம்பாட்டம் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி எறக்கிக்குது. ரெண்டு பக்கக் காதும் ஒரே அளவா வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். எந்த ஜீன்லயும் "இத்தன மைக்ரான் வந்ததும் நிறுத்து"ன்னு எழுதி வெச்சிருக்கல பாருங்க. பம்ப செய்யறதுக்கு ஜீன் வேணும், சுவர் எவ்வளவு வெறப்பா இருக்கோணும்னு சொல்றதுக்கு ஜீன் வேணும், மத்தத பிரஷரே பாத்துக்குது.

அதோட நிக்கல. காதுல இருந்து ஒரு குழாய் கெளம்பி ஒரு சின்னப் பையில போய் முட்டி நிக்கும், எண்டோலிம்ப் பைன்னு சொல்றாங்க (காதுக்குள்ள இருக்கற அந்தத் தண்ணிக்குத்தான் எண்டோலிம்ப்னு பேரு), நமக்கும் இருக்கு. அது எதுக்குன்னு தீர்மானமா தெரியாமயே ரொம்ப நாள் கெடந்துச்சு. அதே ஹார்வர்டு குழு 2018-ல உயிரோட இருக்கற மீன் குஞ்சுல அதப் படம் புடிச்சா, அது ஒரு மணி நேரத்துலருந்து மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ மெதுவா உப்பி, டக்குனு சுருங்குது, திரும்ப உப்புது, திரும்ப சுருங்குது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்தா அந்தப் பையோட சுவத்துல செல்லுகளுக்கு நடுவுல ஒட்டாத எடம் இருக்கு, அத மூடிட்டு மெலிசான மடிப்புக ஒண்ணுமேல ஒண்ணா படிஞ்சிருக்கு, உள்ள பிரஷர் ஏறுனா மடிப்பு வெலகி தண்ணி வெளிய போகுது, எறங்குனா திரும்ப மூடிக்குது. அவங்களே அதுக்கு ரிலீஃப் வால்வுன்னுதான் பேர் வெச்சிருக்காங்க, நானா சொல்லல. அந்த வால்வு சரியா வராத மீனும் இருக்கு, எல்எம்எக்ஸ்1பிபிங்கற ஜீன் கெட்டது, அதுக்கு காது பெருத்து வீங்கிப் போகுது. ஸ்பிரிங்கும் இல்லாம, வாஷரும் இல்லாம ஒரு ரிலீஃப் வால்வுங்க. எங்க பட்டறையில வர்ற வால்வு பாதி, உப்புத் தண்ணியில ரெண்டு வருசத்துல சீட்டு அரிச்சு கசிய ஆரம்பிச்சுருது, இது ஆயுசு பூரா உப்புத் தண்ணிக்குள்ளயே வேலை செய்யுது.

வளையக் குழாய் மூணு வர்ற கதையையும் ஒரு வரி சொல்லிடறேன், எங்கம்மாவுக்கு துகள் போய் மாட்டுன அதே வளையந்தான். அதே குழு 2021-ல காட்டுனது, பைச் சுவருக்குப் பின்னால செல்லுக ஹயலூரோனிக் அமிலத்த சுரந்து கொட்டுது, அது தண்ணிய உறிஞ்சி உப்பி சுவத்த உள்பக்கமா தள்ளி மொட்டா ஆக்குது, மொட்டுகள் நடுவுல சந்திச்சு தூண் ஆகுது, தூணச் சுத்தி மிச்சம் இருக்கற எடம் வளையக் குழாய் ஆகுது. முகத்துக்குப் போடற சீரம்னு ஆயிரம் ரூபாய்க்கு பாட்டில்ல விக்கறாங்களே, அந்த ஹயலூரோனிக் அமிலமேதான், அதுக்கு ஒரு உருப்படியான வேலை இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இப்ப கோபி வாசகருக்கு. அய்யா, வாய்க்கால் தூர் வாரறதுல எனக்கும் மாத்துக்கருத்தே கெடையாது, கடைமடைக்கு தண்ணி வரோணும், அதுக்கு நீங்க போராடுனா நானும் வர்றேன். ஆனா அந்தக் காசும் இந்தக் காசும் ஒரே பையில இருந்து எடுக்கறது இல்லீங்க, மீன் காத நிறுத்துனா வாய்க்காலுக்கு வந்துரும்னு நெனைக்காதீங்க. யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு கேட்டீங்களே, மெனியர் நோய்னு ஒண்ணு இருக்கு, திடீர்னு தலை சுத்தி, காது அடைச்சு, இரைஞ்சு, போகப்போக காது மந்தமாயிரும். புராஸ்பர் மெனியர்ங்கற பிரெஞ்சு டாக்டர் 1861-லயே இது காதுல இருந்து வர்ற கோளாறுன்னு சொன்னார், 1938-ல அந்த நோயாளிகளோட காத அறுத்துப் பாத்தப்ப எண்டோலிம்ப் தண்ணி அதிகமாகி காது உள்ளுக்குள்ள வீங்கி இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் முழுசா தீக்கற மருந்து இல்ல. சில கொழந்தைகளுக்கு அந்த எண்டோலிம்ப் குழாய் பெருத்துப் போயி காது கேக்காம போகுது, எஸ்எல்சி26ஏ4ங்கற ஜீன் கெட்டா வர்றது அதுல ஒரு வகை. ரெண்டுமே தண்ணியும் பிரஷரும் கெட்டதுனால வர்ற சிக்கல். மனுசனோட காது மண்டையிலயே ரொம்ப கெட்டியான எலும்புக்குள்ள பொதஞ்சு கெடக்குதுங்க, உயிரோட இருக்கறப்ப அந்த வால்வ தொறந்து மூடறத யாரும் எட்டிப் பாக்க முடியாது, கண்ணாடி மீனுலதான் பாக்கோணும். அதுக்குன்னு மீன்ல பாத்தது அப்படியே மனுசனுக்குப் பொருந்திரும்னு சொல்ல வரல, மீனுக்கு ரெண்டு மூணு பெரிய கல்லு, நமக்கு ஆயிரக்கணக்குல பொடிக் கல்லு, அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யுது. இன்னொண்ணும் இருக்கு, காதுக்குள்ள சத்தத்த வாங்கற மயிர் செல்லு மீனுக்கு செத்தா திரும்ப மொளைக்கும், நமக்கு மொளைக்கறதில்ல. ஜென்டாமைசின் மாதிரி கிருமிக்கொல்லி ஊசியால காது போனவங்க நம்ம பக்கமே இருக்காங்க, அவங்கள்ட்ட போயி மீன் காது எதுக்குன்னு கேட்டுப் பாருங்க.

கடைசியா உங்ககிட்ட ரெண்டு விண்ணப்பமுங்க. அந்தச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்க, சின்னதா போதும், கல்லு எலும்பு இல்ல, காது வெறும் ஜீன் கட்டளையில மட்டும் வரல, தண்ணி ஓட்டமும் பிரஷரும் சேந்துதான் வருதுன்னு. படம் போடறதா இருந்தா ஜீப்ரா மீன் கருவோட காதுப் படத்தையே போடுங்க, ரெண்டு கல்லும் கருப்பாவோ பளிச்சுன்னோ தெரியும், அம்புக்குறி போட்டு விட்டீங்கன்னா போதும், எங்க தெரு டீக்கடையில பேப்பர் படிக்கறவங்களுக்கே புரியும்.

இன்னொண்ணு பள்ளிக்கூடத்துக்காரங்களுக்கு. உங்க பேப்பர் மாணவர் பக்கத்துல இத எழுதுனீங்கன்னா நல்லா இருக்கும். அறிவியல் கண்காட்சின்னா வருசா வருசம் எரிமலை, மழைநீர் சேகரிப்பு மாடலு, இதே தானுங்க வருது, பிள்ளைகளும் பெத்தவங்களும் தெர்மாகோல் வாங்கியே ஓஞ்சு போறாங்க. ஒரு தொட்டி, கலர் மீன் கடையில ஆணும் பொண்ணுமா நாலு ஜோடி ஜீப்ரா மீன், அடியில ஒரு வரிசை கோலிகுண்டு, இது போதும். கோலிகுண்டு எதுக்குன்னா முட்டை போட்ட உடனே அதுகளே தின்னுரும், குண்டுக்கு நடுவுல விழுந்துட்டா வாய் எட்டாது. பொழுதோட வெளக்க அணைச்சுட்டு, காலையில வெளக்கப் போட்டா வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்துல முட்டை போடும். டியூப் வெச்சு அடியில இருந்து உறிஞ்சு எடுத்து, நல்ல தண்ணியில கழுவி (குளோரின் போட்ட கொழாத்தண்ணி ஆகாது, ஒரு நாள் பிடிச்சு வெச்சதா இருக்கோணும்), வெள்ளையா பூத்துப் போன முட்டைய எடுத்துக் கடாசிட்டு மிச்சத்த வெச்சீங்கன்னா அடுத்த நாள் மத்தியானத்துக்குள்ள பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்புலயே கண்ணுக்குப் பின்னால பையும் அதுக்குள்ள ரெண்டு கல்லும் தெரியும். மார்கழிக் குளுர்ல சித்த லேட்டாகும். மயிர் அடிக்கறது மட்டும் அதுல தெரியாது, அதுக்கு அதிவேக கேமரா வேணும், அந்த வீடியோவ கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டிக்கலாம். பாத்து முடிச்சதும் முட்டைய வேற தொட்டியில விட்டா குஞ்சு பொரிஞ்சு நீந்தும், ஒண்ணையும் கொல்ல வேண்டியதில்ல. கொடிசியா பக்கம் இருக்கற மண்டல அறிவியல் மையத்துலயும் இப்படி ஒரு தொட்டி நிரந்தரமா வெச்சா எல்லா ஊர் பிள்ளைகளும் வந்து பாக்கும். தொட்டிக்கு வேண்டிய மோட்டார், ஏர் பம்பு, பில்டர் சர்வீஸ் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேணும்னாலும் நான் காசு வாங்காம செஞ்சு தர்றேன், கணபதி சுத்துவட்டாரத்துக்கு மட்டும், அதுக்கு மேல பெட்ரோல் கட்டுபடியாகாதுங்க.

இப்படிக்கு,
பம்பு பட்டறைக்கார வாசகர் ஒருத்தர்,
கணபதி, கோயமுத்தூர்.